ஒருக்கா உறுமிக் காட்டுங்க: ஷ்ரெக் நான்காம் படமும் பார்த்தவர்களின் தீர்ப்பும்

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் ஏழு வயது மகள்தான் முதலில் வாய் திறந்தாள். “இதுல சிரிப்புக் குறைவு வாப்பா. ரெண்டாவதுதான் நல்லம்.” சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மூத்தவன், “மூணாவத விட இது எவ்வளவோ மேல்” என்றான். 2010இல் இதே படத்தைப் பார்த்துவிட்டு “சும்மா நேரம் போனதுதான் மிச்சம்” என்று சொன்ன என் தம்பி இந்த முறை ஒன்றும் பேசவில்லை. இப்போது அவனுக்கு இரண்டு பிள்ளைகள். மனைவி தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழும்பும்போது ஒரு கேள்வியை வைத்துவிட்டுப் போனார்: “அவருக்கு ஒரு நாள் லீவு வேணுமாம். அந்த பியோனாவுக்கு எத்தின நாள் லீவு குடுத்தாங்க?”

பாடசாலை விடுமுறையில் ஷ்ரெக் படங்கள் நான்கையும் வரிசையாகப் பார்த்து முடித்த இரவு அது. பேசப்பட்டது நான்காவதான ‘ஷ்ரெக் ஃபொரெவர் ஆஃப்டர்’. மகளும் மகனும் சொன்னவை எங்கள் வீட்டுக்கு மட்டும் சொந்தமானவை அல்ல. படம் வெளிவந்த நாள் முதல் பார்த்தவர்கள் மாறி மாறிச் சொல்லி வரும் தீர்ப்புகள் அவை. தம்பியின் மௌனமும் மனைவியின் கேள்வியும் அவ்வளவாகப் பேசப்படாதவை. ஒரு தொடரின் பிந்திய பாகத்தை நாம் எந்த அளவுகோலை வைத்து அளக்கிறோம் என்று யோசிப்பதற்கு இந்த நான்கும் போதும்.

தொடரை அறியாத வாசகருக்காகச் சிறிது வரலாறு. நியூ யோர்க்கர் சஞ்சிகைக்குப் பல தசாப்தங்கள் கேலிச்சித்திரம் வரைந்த வில்லியம் ஸ்டைக், எண்பது வயதைக் கடந்த பின்னர் 1990இல் ‘ஷ்ரெக்!’ என்ற சிறிய சித்திரப் புத்தகத்தை வெளியிட்டார். அதில் வரும் பூதம் அவலட்சணமானது. தன் அவலட்சணத்தில் அதற்குப் பெருமை. தன்னைப் போலவே அவலட்சணமான ஓர் இளவரசியைக் கண்டு மணம் முடிக்கிறது. கதையும் அத்தோடு முடிகிறது. மணம் முடித்த பிறகு என்ன நடந்தது என்று ஸ்டைக் எழுதவில்லை.

ட்ரீம்வேர்க்ஸ் நிறுவனம் 2001இல் இதை அனிமேஷன் படமாக்கியது. கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் அது இடம்பெற்றது. சிறந்த முழுநீள அனிமேஷன் படத்துக்கென ஒஸ்கார் விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதை வென்றதும் இந்தப் படம்தான். தொடக்கக் காட்சியிலேயே பூதம் ஒரு தேவதைக் கதைப் புத்தகத்தை வாசித்து, தாளைக் கிழித்துக் கழிப்பறையில் பயன்படுத்துகிறது. இளவரசன், கோபுரம், மந்திர முத்தம் என்று வழிவழியாக வந்த கதைகளை இனி நாங்கள் இப்படித்தான் கையாளப் போகிறோம் என்ற அறிவிப்பு அது. 2004இல் வந்த இரண்டாம் படம் அந்தக் கேலியைக் குடும்பத்துக்குள் கொண்டுபோனது. மாப்பிள்ளை பூதமாக இருந்தால் மாமனார் வீட்டில் என்ன நடக்கும்? உலகம் முழுவதும் 900 மில்லியன் டொலருக்கு மேல் வசூலித்தது. 2007இல் வந்த மூன்றாம் படமும் ஏறத்தாழ 800 மில்லியன் ஈட்டியது. ஆனால் விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள், இரசிகர்களிலும் பலர் ஏமாந்தார்கள். அரசுரிமை, ஆர்தர் என்ற பையன், வில்லன்களின் கூட்டணி என்று கதை எங்கெங்கோ ஓடியதே தவிர, ஷ்ரெக்குக்கு உள்ளே ஒன்றும் நடக்கவில்லை.

அந்த ஏமாற்றத்தின் நிழலில்தான் நான்காம் படம் வந்தது. வட அமெரிக்காவில் மூன்றாம் படம் முதல் வார இறுதியில் 120 மில்லியன் டொலருக்கு மேல் வசூலித்தது. நான்காவது 70 மில்லியனை ஒட்டி நின்றது. இத்தனைக்கும் முப்பரிமாணக் காட்சிக்கு டிக்கெட் விலை கூட. ‘இறுதி அத்தியாயம்’ என்று விளம்பரம் செய்தும் கூட்டம் முன்பு போல முண்டியடிக்கவில்லை. உலகளவில் 750 மில்லியன் சேர்ந்தது என்பது வேறு கதை. மக்கள் ஏற்கனவே பாதி மனதோடுதான் உள்ளே போனார்கள் என்பதை இந்த இலக்கங்கள் சொல்கின்றன.

மைக் மிச்செல் இயக்கிய இப்படத்தின் கதை இது. ஷ்ரெக்குக்கு இப்போது மூன்று பிள்ளைகள். விடிந்தால் பிள்ளைகள் எழுப்பும், துணி மாற்ற வேண்டும், கழுதையார் குடும்பத்தோடு வந்துவிடுவார், சுற்றுலா வண்டி வீட்டு வாசலால் போகும். அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாளும் அதே, இன்னும் வேகமாக. பிள்ளைகளின் முதலாவது பிறந்தநாள் விருந்தில் ஒரு பொடியன், ஷ்ரெக் உறுமிக் காட்ட வேண்டும் என்று விடாமல் கேட்கிறான். பொறுமை இழந்த ஷ்ரெக் உண்மையாகவே ஆத்திரத்தில் உறுமுகிறான். கூட்டம் கை தட்டுகிறது. அவன் கேக்கை அடித்து நொறுக்கிவிட்டு வெளியேறுகிறான். பின்னால் வந்த பியோனாவிடம், உன்னைக் காப்பாற்றுவதற்கு முந்திய வாழ்க்கையே வேண்டும் என்று சொல்லிவிடுகிறான்.

அந்த நேரம் பார்த்து ரம்பல்ஸ்டில்ட்ஸ்கின் என்ற குள்ளன் வருகிறான். ஒரு நாள் பழைய பூதமாக வாழலாம். பதிலுக்கு நினைவிலேயே இல்லாத குழந்தைப் பருவத்து நாள் ஒன்றைத் தந்தால் போதும் என்கிறான். ஷ்ரெக் கையெழுத்து வைக்கிறான். குள்ளன் எடுத்துக்கொண்டது அவன் பிறந்த நாளை. ஆகவே ஷ்ரெக் பிறக்கவே இல்லை. அந்த உலகில் குள்ளனே அரசன். பூதங்கள் வேட்டையாடப்படுகின்றன. கழுதை ஒரு சூனியக்காரியின் வண்டியை இழுக்கிறது. காலணி போட்ட பூனை கொழுத்துப்போய்த் தலையணையில் கிடக்கிறது. பியோனாவைக் காப்பாற்ற எவரும் வரவில்லை. அவள் தானாகவே கோபுரத்திலிருந்து தப்பி, பூதங்களின் போராட்டத்துக்குத் தலைவியாகிவிட்டாள். உண்மைக் காதலின் முத்தம் கிடைத்தால் மட்டுமே ஒப்பந்தம் செல்லாது. அவளோ அவனை யாரென்றே அறியாள்.

இனித் தீர்ப்புகளுக்கு வருவோம். “சிரிப்புக் குறைவு” என்ற மகளின் முறைப்பாடு நியாயமானதுதான். முதல் இரண்டு படங்களில் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். பழைய கதை உலகத்தை இன்றைய உலகத்தோடு மோத விட்டார்கள். ஃபார்குவாட் பிரபுவின் நகரம் ஒரு கேளிக்கைப் பூங்கா போல இருந்தது. பியோனாவின் தந்தை நாடு ஹொலிவுட் போல மினுங்கியது. அந்த மோதல் ஒருமுறை சிரிப்பு, இரண்டாம் முறையும் சிரிப்பு. மூன்றாம் முறை ‘இது தெரிந்ததுதானே’. அதற்கிடையில் மற்ற நிறுவனங்களும் அதே பாணியைப் பிடித்துக்கொண்டன. நான்காம் படத்தை எடுத்தவர்கள் இதை உணர்ந்திருக்கிறார்கள். பகிடிகளைக் குறைத்து, ஒரே மனிதனின் ஒரே பிழையை மையத்தில் வைத்தார்கள். கதைக்கு அது நல்லது. ஆனால் அதற்கு விலையும் உண்டு. இஞ்சி பிஸ்கட் மனிதன் போன்ற பழைய நண்பர்கள் வந்த வேகத்தில் போய்விடுகிறார்கள். குழலூதி வந்து பூதங்களை ஆட வைக்கும் இடம் சிரிப்புக்கென்றே செருகப்பட்டு, சிரிப்பும் வராமல் கதையும் நகராமல் நிற்கிறது.

“இருண்டு போச்சு” என்பது பெற்றோர் பலர் சொன்ன குறை. பொழுது விடியும் வேளையில் ஷ்ரெக் கொஞ்சம் கொஞ்சமாக மறையத் தொடங்கியபோது மகள் என் கையை இறுக்கிப் பிடித்ததை நான் மறைக்கப் போவதில்லை. ஆனாலும் தேவதைக் கதைகள் ஆதியில் இருண்டவைதாம். கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட தொகுப்பில் ரம்பல்ஸ்டில்ட்ஸ்கின் கதை உண்டு. வைக்கோலைப் பொன்னாக நூற்றுத் தருகிறேன், உன் முதல் பிள்ளையைத் தா என்று ஓர் ஏழை ஆலைக்காரனின் மகளிடம் பேரம் பேசும் குள்ளன் அவன். வழியில்லாதவளிடம் வாக்கு வாங்குவது அவன் தொழில். படத்தில் அந்தப் பேரம் நுட்பமாகத் திருப்பப்பட்டிருக்கிறது. இங்கே கையெழுத்து வைப்பவனுக்கு எல்லாமே இருக்கிறது. அலுப்பு மட்டும்தான் அவன் வறுமை. எழுதப்பட்டதை வாசிக்காமல், நினைவில் இல்லாத ஒரு நாள்தானே என்று அலட்சியமாக வைத்த கையெழுத்தில் முழு வாழ்க்கையும் போய்விடுகிறது. முதல் படத்தில் கதைத் தாளைக் கிழித்தவன் ஷ்ரெக்; இந்தப் படத்தின் தொடக்கத்தில் ஷ்ரெக்கின் கதை எழுதிய தாளைக் கிழிப்பவன் ரம்பல். கேலி செய்தவனின் கதையே இப்போது இன்னொருவன் கிழிக்கும் கதையாகிவிட்டது. இந்தக் குள்ளனுக்குக் குரல் கொடுத்தவர் நட்சத்திர நடிகரல்ல; படத்தின் கதைக் குழுவில் வேலை செய்த வோல்ட் டோர்ன். தற்காலிகமாகப் பேசிவைத்த குரல் பொருந்திப் போனதால் அவரையே வைத்துக்கொண்டார்கள். பெரிய பெயர்கள் நிறைந்த தொடரில் பலருக்கும் நினைவில் நிற்பது இந்தப் பெயரில்லாத குரல்.

மூன்றாவது முறைப்பாடு, கதை இரவல் என்பது. ஃபிராங்க் கப்ரா 1946இல் எடுத்த ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ படத்தில் ஜோர்ஜ் பெய்லி என்பவனுக்கு, அவன் பிறக்காதிருந்தால் ஊர் எப்படி இருந்திருக்கும் என்று காட்டப்படுகிறது. ஒற்றுமை வெளிப்படை. வேற்றுமையைத்தான் பலர் கவனிக்கவில்லை. பெய்லி இல்லாத ஊர் சீரழிந்து கிடக்கிறது; அவன் மற்றவர்களுக்கு என்ன செய்தான் என்பதை அது காட்டுகிறது. ஷ்ரெக் இல்லாத நாடும் சீரழிந்துதான் கிடக்கிறது. ஆனால் அங்கே பியோனா வீழ்ந்து கிடக்கவில்லை. அவளுக்கு மீட்பன் தேவைப்படவில்லை. தேவைப்பட்டவன் ஷ்ரெக். பெற்றதைத் திரும்பப் பெற வேண்டுமானால், தன்னை அறியாத ஒருத்தியின் முன் வெறுங்கையோடு நின்று தொடக்கத்திலிருந்து அன்பைச் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. நான்தான் உன்னைக் காப்பாற்றினேன் என்று நினைத்திருந்தேன், உண்மையில் நீதான் என்னைக் காப்பாற்றியிருக்கிறாய் என்று கடைசியில் அவன் சொல்லும்போது, முதல் படத்தின் கோபுரக் காட்சியே தலைகீழாகிவிடுகிறது. மகன் சொன்ன “மூணாவத விட மேல்” என்பதன் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

தம்பியின் மௌனம் பிறகுதான் கலைந்தது. இரண்டு நாள் கழித்து ஃபோனில், “அந்தப் பொடியன் உறுமச் சொல்ற இடம் இருக்கே நானா, அப்ப நான் சிரிச்சேன். இப்ப சிரிக்க ஏலாமப் போச்சு” என்றான். படத்தின் சாவி அந்தக் காட்சியில்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் ஊரார் முள்ளுத்தடியும் தீப்பந்தமும் எடுத்துக்கொண்டு ஷ்ரெக்கைக் கொல்ல வந்தார்கள். இப்போது அதே தடியில் கையொப்பம் கேட்கிறார்கள். பயமுறுத்திய பூதம் விளையாட்டுப் பொருளாகிவிட்டது. திரைக்கு வெளியே நடந்ததும் இதுவே. 2003இல் கேளிக்கைப் பூங்காவில் ஷ்ரெக் காட்சி வந்தது. 2008இல் பிரோட்வே மேடையில் இசை நாடகம் வந்தது. பொம்மையும் கோப்பையும் புத்தகப் பையும் கணக்கில்லை. ஃபார்குவாட்டின் பூங்கா நகரத்தைக் கேலி செய்த தொடர், தானே அந்த நகரத்தின் கடையில் விற்பனைக்கு வந்துவிட்டது.

அப்படியானால் உறுமச் சொல்லி அடம்பிடிக்கும் அந்தப் பொடியன் யார்? நாம்தான். முன்பு சிரிக்க வைத்த மாதிரியே திரும்பவும் சிரிக்க வை, அதே கழுதை, அதே பூனைக் கண், அதே பாட்டு என்று கேட்கும் பார்வையாளர். அவன் உண்மையாகவே நொந்துபோய் உறுமினாலும் கை தட்டிவிட்டு, இன்னொருக்கா என்று கேட்கிறோம். படம் பார்த்துவிட்டு “பழைய ஷ்ரெக் இல்லையே” என்று சொன்னவர்கள், படத்துக்குள் தங்களைப் பற்றி ஏற்கனவே சொல்லப்பட்டதைத் தெரியாமல் திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகளின் மேல் இந்தப் பழியைப் போட மாட்டேன். ஏழு வயதில் சிரிப்பைக் கேட்பது உரிமை. ஆனால் வளர்ந்தவர்கள் ஒரு தொடரின் நான்காம் பாகத்தை முதலாவதன் பகிடிக் கணக்கை வைத்து மட்டும் அளந்தால், பாத்திரங்களுக்கு வயது போக நாம் இடம் கொடுக்கவில்லை என்றே அர்த்தம்.

இவ்வளவும் சொன்ன பிறகு நிறுவனத்துக்குச் சாதகமாகப் பேசுகிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். களைத்துப்போன பூதத்தைக் காட்டி நம்மைக் கலங்க வைத்தவர்களே அதன் களைப்பையும் டிக்கெட்டாக்கி விற்றார்கள். ‘இறுதி அத்தியாயம்’ என்றார்கள். அடுத்த வருடமே பூனைக்குத் தனிப்படம் வந்தது, 2022இல் இன்னொன்று. இப்போது ஷ்ரெக்கின் ஐந்தாம் படமும் அறிவிக்கப்பட்டாயிற்று. ரம்பலின் ஒப்பந்தத்தில் வெளியேறுவதற்கு ஒரு வாசகமாவது இருந்தது.

கடைசியாக மனைவியின் கேள்வி. அதற்குப் படத்தில் பதில் தேடிப் பார்த்தேன். ஒரே மாதிரி விடியும் அந்த நாட்களைக் காட்டும் தொடக்கப் பகுதியைத் திரும்பவும் போட்டுப் பார்த்தேன். ஷ்ரெக்கின் முகம் ஒவ்வொரு நாளும் வாடுவதைக் கமரா கிட்டப் போய்க் காட்டுகிறது. பியோனாவும் அதே வீட்டில், அதே மூன்று பிள்ளைகளோடு, அதே நாளைத்தான் வாழ்கிறாள். அவள் களைத்தாளா என்று கமரா கேட்கவே இல்லை. விருந்து மண்டபத்துக்கு வெளியே, உனக்கு என்ன குறை என்று அவள்தான் அவனிடம் எண்ணிக் காட்ட வேண்டியிருக்கிறது. அவளுக்கு எண்ணிக் காட்ட ஒருவருமில்லை.

மாற்று உலகத்தில் படை நடத்தி, தந்திரம் வகுத்து, எவரையும் நம்பாமல் நிமிர்ந்து நின்ற பியோனாவை நாங்கள் எல்லோரும் இரசித்தோம். மூத்தவனுக்குப் பிடித்த பாத்திரம் அதுதான். ஆனால் ஒப்பந்தம் உடைந்ததும் அந்தப் பியோனா அழிந்துபோகிறாள். மீதமிருப்பது விருந்து பரிமாறும் பியோனா. ஷ்ரெக் தன் பாடத்தைப் படித்துவிட்டான்; அவளிடம் இருந்த அந்தத் தலைமையும் வீரமும் இந்த வீட்டுக்குள் எங்கே போய்விட்டன என்று அவன் யோசிப்பதாகத் தெரியவில்லை. நீதான் என்னைக் காப்பாற்றினாய் என்ற ஒரு வாக்கியம் அழகானதுதான். நாளைக் காலையில் பிள்ளைகளை யார் எழுந்து பார்ப்பது என்பதை அது தீர்க்காது. படத்தின் பெரிய குறை சிரிப்புக் குறைந்ததில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. தகப்பனின் அலுப்பை இவ்வளவு நேர்மையாகத் திறந்து காட்டிய கதை, தாயின் அலுப்பைப் பார்க்காமலே கதவைச் சாத்திவிட்டது. பார்த்த ஆண்கள் பலருக்கு முடிவு நிறைவாக இருந்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். எனக்கும் நிறைவாகத்தான் இருந்தது, அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பும் வரை.

ஆகவே என் தீர்ப்பு இது. முதலிரண்டு படங்களின் துள்ளல் இதில் இல்லை. மூன்றாவதைப் போல வெறுமையும் இல்லை. மூன்றாவதோடு தொடரைக் கைவிட்டவர்கள் இதை ஒருமுறை பார்க்கலாம். சிறு பிள்ளைகள் இருந்தால் கூட இருந்து பாருங்கள், விடியும் காட்சியில் ஒரு கை தேவைப்படும். பார்த்து முடிந்ததும் நல்லதா கெட்டதா என்று மட்டும் கேட்டு விட்டுவிடாமல், வீட்டில் ஒவ்வொருவரும் எந்த இடத்தில் சிரித்தார்கள், எந்த இடத்தில் பேசாமல் இருந்தார்கள் என்று கவனியுங்கள். கோப்பைகளையும் நீங்களே எடுத்துக்கொண்டு எழும்புங்கள்.